அறைவெப்பநிலைக் காந்தக் குளிர்விப்புக் கலப்புலோகங்கள்

அறைவெப்பநிலைக் காந்தக் குளிர்விப்புக் கலப்புலோகங்கள் என்பவை, காந்தப்புலத்தில் வைக்கும்போது சூடாகி, புலத்தை நீக்கும்போது குளிரும் பண்பை நாம் வாழும் வெப்பநிலைகளிலேயே வலுவாகக் காட்டும் உலோகப் பொருட்கள் ஆகும். இப்பண்பு காந்தவெப்ப விளைவு எனப்படுகிறது. வழக்கமான குளிர்சாதனப் பெட்டியில் வளிமம் ஒன்றை அமுக்கியும் விரியவிட்டும் குளிர்ச்சி பெறப்படுகிறது. காந்தக் குளிர்விப்பில் அவ்வளிமத்தின் இடத்தைத் திண்மப் பொருள் ஒன்றும், அமுக்கியின் இடத்தைக் காந்தம் ஒன்றும் எடுத்துக்கொள்கின்றன.

இத்துறையின் அளவுகோலாக இன்றும் விளங்குவது கடோலினியம் என்னும் அருமண் உலோகம். அதைத் தவிர கடோலினியம்-சிலிக்கான்-ஜெர்மானியம், இலந்தனம்-இரும்பு-சிலிக்கான், மாங்கனீசு-இரும்பு-பாஸ்பரசு, நிக்கல்-மாங்கனீசு வகைக் கலப்புலோகங்கள் விரிவாக ஆராயப்பட்டுள்ளன. இவற்றை ஒப்பிடும்போது விளைவின் பருமனே பெரும்பாலும் முதலில் பேசப்படுகிறது. ஆனால் ஒரு குளிர்விப்பானுக்கு அதே அளவு இன்றியமையாதது, அவ்விளைவு வினாடிக்கு ஒருமுறையோ அதற்கு மேலோ, ஆண்டுக்கணக்கில், இழப்பின்றித் திரும்பத் திரும்பக் கிடைப்பதாகும். 1997க்குப் பிந்தைய ஆய்வுகளில் பெரும்பகுதி இந்த இரண்டாவது தேவையை நிறைவு செய்யும் முயற்சியே எனலாம்.

காந்தவெப்ப விளைவு

ரப்பர் பட்டை ஒன்றைச் சட்டென இழுத்து உதட்டில் வைத்துப் பார்த்தால் அது சற்றுச் சூடாக இருப்பதை உணரலாம். இழுத்த நிலையிலேயே சிறிது நேரம் ஆறவிட்டுப் பின் தளர்த்தினால் குளிர்ந்திருக்கும். இழுக்கும்போது ரப்பரின் நீண்ட மூலக்கூறுகள் ஒழுங்கு பெறுகின்றன. விடும்போது ஒழுங்கு குலைகிறது. காந்தவெப்ப விளைவும் இதைப் போன்றதே. இங்கு ஒழுங்கு பெறுபவை அணுக்களின் காந்தத் திருப்புத்திறன்கள். இழுவிசையின் வேலையைக் காந்தப்புலம் செய்கிறது.

ஒரு பொருளின் சீர்குலைவை அளவிடும் வெப்ப இயக்கவியல் அளவு என்ட்ரோப்பி எனப்படும். காந்தப் பொருளின் என்ட்ரோப்பியில் ஒரு பகுதி அணுக்காந்தங்களின் திசைக் குழப்பத்தாலும், மற்றொரு பகுதி படிக அணிக்கோவையின் அதிர்வாலும் வருகிறது. வெளியிலிருந்து வெப்பம் உட்புகவோ வெளியேறவோ வழியில்லாத நிலையில் காந்தப்புலத்தைச் செலுத்தினால் அணுக்காந்தங்கள் ஒரே திசையில் திரும்புகின்றன, முதற்பகுதி குறைகிறது. மொத்தம் மாறக்கூடாது என்பதால் அணிக்கோவையின் அதிர்வு கூடுகிறது, பொருள் சூடாகிறது. புலத்தை நீக்கினால் இதே நிகழ்ச்சி தலைகீழாக நடந்து பொருள் குளிர்கிறது.

அணுக்காந்தங்கள் தாமாகவே ஒழுங்காக இருந்தால் புலத்துக்கு வேலையில்லை. அவை வெப்பத்தால் முற்றிலும் குலைந்திருந்தால் சிறிய புலத்தால் அவற்றைத் திருப்ப முடியாது. எனவே ஒரு பொருள் பெர்ரோ காந்த நிலையிலிருந்து பாரா காந்த நிலைக்கு மாறும் கியூரி வெப்பநிலையை ஒட்டியே இவ்விளைவு உச்சம் பெறுகிறது. இரும்பின் கியூரி வெப்பநிலை ஏறத்தாழ 770 பாகை செல்சியசு. ஆகவேதான் வீட்டிலுள்ள காந்தத்தை இரும்பாணியின் அருகே கொண்டு செல்லும்போது ஆணி சூடாவதை எவரும் உணர்வதில்லை.

வரலாறு

பல நூல்கள் இவ்விளைவைக் கண்டறிந்தவர் செருமானிய இயற்பியலாளர் எமில் வார்பர்க் என்றும், ஆண்டு 1881 என்றும் குறிப்பிடுகின்றன. அவர் அளந்தது இரும்பைக் காந்தமாக்கும்போது தயக்கத்தால் இழக்கப்படும் ஆற்றலையே. மீளத்தக்க காந்தவெப்ப விளைவை நிக்கலில் அதன் கியூரி வெப்பநிலைக்கு அருகே கண்டு, அதற்குப் பெயரும் இட்டவர்கள் பியர் வைசு, ஆகுஸ்ட் பிக்கார்ட் ஆகிய இருவர், ஆண்டு 1917. பிக்கார்ட் பின்னாளில் பலூனில் வளிமண்டலத்தின் மேலடுக்குக்குச் சென்று புகழ்பெற்றவர்.

1920களின் பிற்பாதியில் பீட்டர் டிபையும் வில்லியம் ஜியாக்கும் தனித்தனியே, மிகக் குறைந்த வெப்பநிலைகளை எட்ட இவ்விளைவைப் பயன்படுத்தலாம் என்று முன்மொழிந்தனர். 1933இல் ஜியாக்கும் மெக்டூகலும் கடோலினியம் சல்பேட்டு உப்பைக் கொண்டு 0.25 கெல்வினை எட்டினர். ஜியாக்குக்கு 1949இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. எனினும் அந்த உப்பு அறைவெப்பநிலையில் பயன்படாது. வெப்பநிலை உயர உயர அணிக்கோவையின் வெப்ப ஏற்புத்திறன் பன்மடங்கு பெருகி, காந்தப் பகுதியின் பங்களிப்பை விழுங்கிவிடுகிறது.

அறைவெப்பநிலைக்கான முதல் தெளிவான சான்றை 1976இல் அமெரிக்காவின் நாசா லூயிசு ஆய்வு மையத்தில் ஜெரால்டு பிரவுன் அளித்தார். கடோலினியத் தகடுகளை நீரும் ஆல்ககாலும் கலந்த பாய்மத்தில் நிறுத்தி, 7 டெஸ்லா புலத்தில் மாறி மாறி இயக்கி, இரு முனைகளுக்கும் இடையே 47 கெல்வின் வேறுபாட்டை அவர் உண்டாக்கினார். குளிர்முனை நீரின் உறைநிலைக்குச் சற்றுக் கீழே இருந்தது.

கடோலினியம்

கடோலினியத்தின் கியூரி வெப்பநிலை ஏறத்தாழ 20 பாகை செல்சியசு. தனிமங்களில் அறைவெப்பநிலைக் குளிர்விப்புக்கு இத்தனை பொருத்தமான வேறொன்று இல்லை. அதன் அணுவின் உட்கூட்டில் ஏழு எலக்ட்ரான்கள் இணையின்றி, ஒரே திசைத் தற்சுழற்சியுடன் உள்ளன. இதனால் அணுவொன்றின் காந்தத் திருப்புத்திறன் பெரிதாக உள்ளது.

இவ்வணுக்காந்தங்களை முழுக் குழப்பத்திலிருந்து முழு ஒழுங்குக்குக் கொண்டுவர முடிந்தால், கிலோகிராமுக்குக் கெல்வினுக்கு ஏறத்தாழ 110 ஜூல் அளவு என்ட்ரோப்பி மாற்றம் கிடைக்க வேண்டும். 1 டெஸ்லா புலத்தில் உண்மையில் கிடைப்பது ஏறத்தாழ 3 ஜூல் மட்டுமே, அதாவது நூற்றில் மூன்று பங்கு. வெப்பநிலை உயர்வும் ஏறத்தாழ 3 கெல்வின்தான். 5 டெஸ்லாவில் இது 11 கெல்வினை ஒட்டி வருகிறது. ஆனால் அத்தகைய புலத்துக்கு மீகடத்தி காந்தம் வேண்டும்; அக்காந்தத்தைக் குளிர்விக்கவே தனியாக ஒரு குளிர்விப்பான் வேண்டும். வீட்டுக் கருவிக்கு ஏற்றது நியோடிமியம்-இரும்பு-போரான் நிலைக்காந்தம். அதைத் திறம்பட அடுக்கினால் 1 முதல் 1.5 டெஸ்லா வரை பெறலாம். இத்துறையில் எந்தச் செய்தியைப் படிக்கும்போதும், அந்த எண் எத்தனை டெஸ்லாவில் அளக்கப்பட்டது என்று முதலில் பார்ப்பது நல்லது.

கடோலினியம் வளையக்கூடியது, தகடாகவும் சிறு குண்டுகளாகவும் ஆக்கலாம். இட்ரியம், எர்பியம் போன்றவற்றைச் சிறிதளவு சேர்த்து அதன் கியூரி வெப்பநிலையை விரும்பிய அளவு கீழிறக்கலாம். அதன் நிலைமாற்றம் படிப்படியாக நிகழும் இரண்டாம் வரிசை நிலைமாற்றம் என்பதால் காந்தத் தயக்கம் அனேகமாக இல்லை. விலையும், நீரில் மெல்ல அரிக்கப்படுவதும் இதன் குறைகள்.

மீளாக்கிப் படுக்கை

மூன்று கெல்வினை வைத்துக்கொண்டு குளிர்சாதனப் பெட்டி செய்வது எப்படி? சமையலறை 35 பாகையிலும் பெட்டியின் உட்புறம் 4 பாகையிலும் இருந்தால் வேறுபாடே முப்பதைத் தாண்டுகிறது. இதற்கு விடையாக வந்ததே செயல்படு காந்த மீளாக்கி. இக்கருத்தை 1970களின் இறுதியிலும் 1980களின் தொடக்கத்திலும் வளர்த்தவர்களுள் ஸ்டெயர்ட், பார்க்கிளே ஆகியோர் முதன்மையானவர்கள்.

இதில் கலப்புலோகம் நுண்ணிய குண்டுகளாகவோ மெல்லிய தகடுகளாகவோ ஒரு குழாயில் நிரப்பப்படுகிறது. புலம் செலுத்தப்பட்டதும் படுக்கை முழுவதும் சூடாகிறது. அப்போது குளிர்முனையிலிருந்து சுடுமுனை நோக்கி நீர் செலுத்தப்பட்டு, வெப்பம் வெளியே கொண்டு செல்லப்படுகிறது. புலம் நீக்கப்பட்டதும் படுக்கை குளிர்கிறது. இப்போது நீர் எதிர்த்திசையில் சென்று குளிர்ந்து, பெட்டியினுள் உள்ள வெப்பத்தை ஏற்கிறது. இது திரும்பத் திரும்ப நடக்கும்போது படுக்கையின் நெடுகிலும் வெப்பநிலைச் சரிவு ஒன்று உருவாகிறது. படுக்கையின் ஒவ்வொரு துண்டும் தன் இடத்து வெப்பநிலையைச் சுற்றித் தனக்கென ஒரு சிறு சுழற்சியை நடத்துகிறது. ஏணியின் ஒவ்வொரு படியும் சிறிதாயினும் ஏணி உயரமாக இருப்பதுபோல, சிறு மாற்றங்கள் சேர்ந்து பெரிய வேறுபாட்டைத் தருகின்றன.

இதன் விளைவாகக் கலப்புலோகத்துக்குப் புதியதொரு தேவை எழுகிறது. சுடுமுனையில் உள்ள துண்டுக்கு உயர்ந்த கியூரி வெப்பநிலையும், குளிர்முனையில் உள்ளதற்குத் தாழ்ந்த கியூரி வெப்பநிலையும் இருந்தால் ஒவ்வொன்றும் தன் உச்சத்தில் வேலை செய்யும். எனவே ஒரே பொருளைவிட, சேர்மானத்தைச் சிறிது மாற்றிக் கியூரி வெப்பநிலையை விரும்பிய இடத்தில் அமைக்கத்தக்க ஒரு கலப்புலோகக் குடும்பமே பயன் மிக்கது.

கடோலினியம்-சிலிக்கான்-ஜெர்மானியம்

1997இல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்திலுள்ள ஏம்சு ஆய்வகத்தில் விட்டாலி பெக்கார்ஸ்கியும் கார்ல் சினைடனரும் ஐந்து பங்கு கடோலினியம், இரண்டு பங்கு சிலிக்கான், இரண்டு பங்கு ஜெர்மானியம் கொண்ட சேர்மம் ஒன்றை அறிவித்தனர். ஏறத்தாழ 276 கெல்வினில், 5 டெஸ்லா புலத்தில், அதன் என்ட்ரோப்பி மாற்றம் கிலோகிராமுக்குக் கெல்வினுக்கு 18 ஜூல் அளவில் இருந்தது. அதே புலத்தில் கடோலினியம் தருவது ஏறத்தாழ 10 ஜூல். இது 'மாபெரும் காந்தவெப்ப விளைவு' என்று பெயர்பெற்று, உலகெங்கும் பல ஆய்வகங்களை இத்துறைக்கு ஈர்த்தது.

இம்மிகைக்குக் காரணம் படிக அமைப்பும் கூடவே மாறுவதாகும். இச்சேர்மத்தின் அணுக்கள் பாளங்களாக அடுக்கப்பட்டுள்ளன. பாளங்களுக்கு இடையே உள்ள சிலிக்கான்-ஜெர்மானியப் பிணைப்புகளில் ஒரு பகுதி, நிலைமாற்றத்தின்போது அறுந்தும் மீண்டும் இணைந்தும் பாளங்களை நகர்த்துகிறது. காந்த ஒழுங்கின் என்ட்ரோப்பியுடன் அணிக்கோவை மாற்றத்தின் என்ட்ரோப்பியும் சேர்கிறது. பனிக்கட்டி உருகுவதைப்போலத் திடீரென நிகழும் இத்தகைய மாற்றம் முதல் வரிசை நிலைமாற்றம் எனப்படும்.

இச்சேர்மத்துக்குத் தூய்மை மிக்க கடோலினியம் தேவை. வணிகத் தரக் கடோலினியத்தில் உள்ள கார்பன், ஆக்சிசன் போன்ற மாசுகள் சேர்ந்தால் விளைவு பெருமளவு குறைந்துவிடுகிறது. ஜெர்மானியமும் மலிவானதன்று.

தயக்கமும் அளவீட்டுப் பிழைகளும்

முதல் வரிசை நிலைமாற்றத்துக்கு ஒரு விலை உண்டு. சூடாக்கும்போது மாற்றம் நிகழும் வெப்பநிலையும் குளிர்விக்கும்போது நிகழும் வெப்பநிலையும் ஒன்றாக இருப்பதில்லை. இவ்விடைவெளியே தயக்கம். காந்தப்புலம் செய்யக்கூடியது நிலைமாற்ற வெப்பநிலையைச் சற்று நகர்த்துவது மட்டுமே; இலந்தனம்-இரும்பு-சிலிக்கானில் இந்நகர்வு டெஸ்லாவுக்கு ஏறத்தாழ 4 கெல்வின். தயக்கத்தின் அகலம் இந்நகர்வைவிடப் பெரிதாக இருந்தால், புலத்தைச் செலுத்தும்போது பொருள் ஒருமுறை மாறும். புலத்தை நீக்கினாலும் பழைய நிலைக்குத் திரும்பாது. ஆய்வகத்தில் ஒரு முறை அளந்த பெரிய எண், கருவியில் இரண்டாவது சுழற்சியிலேயே காணாமற் போவதற்கு இதுவே காரணம். முழுமையாகத் திரும்பும் நிலையிலும், ஒவ்வொரு சுழற்சியிலும் சிறிது ஆற்றல் வெப்பமாக வீணாகி, உண்டாக்கிய குளிர்ச்சியையே தின்கிறது.

2004இல் அமெரிக்கத் தேசியத் தரநிலைகள், தொழில்நுட்ப நிறுவனத்தின் ஆய்வாளர்கள் புரோவன்சானோ, ஷபீரோ, ஷல் ஆகியோர் மேற்கண்ட சேர்மத்தில் மிகச் சிறிதளவு இரும்பைக் கலந்து பார்த்தனர். என்ட்ரோப்பி மாற்றத்தின் உச்சம் தாழ்ந்தது. ஆனால் தயக்க இழப்பு 90 விழுக்காட்டுக்கும் மேல் குறைந்தது. இழப்பைக் கழித்தபின் எஞ்சும் நிகரக் குளிர்விப்புத் திறன் கூடியிருந்தது. உச்ச எண்ணைத் துரத்துவதே வழி என்ற எண்ணத்தை இவ்வாய்வு தளரச் செய்தது.

அதே ஆண்டில் வேறொரு குழு, அழுத்தத்துக்கு உட்பட்ட மாங்கனீசு ஆர்செனைடில் கிலோகிராமுக்குக் கெல்வினுக்கு 267 ஜூல் வரை என்ட்ரோப்பி மாற்றத்தை அறிவித்தது. அணுக்காந்தங்களின் குழப்பத்தால் மட்டும் வரக்கூடிய உச்சவரம்போ 103 ஜூல். இரு நிலைகளும் கலந்திருக்கும் இடத்தில் மேக்சுவெல் தொடர்பை அப்படியே பயன்படுத்திக் கணக்கிட்டால் இத்தகைய பொய்க் கூர்முனைகள் தோன்றும் என்று அடுத்த சில ஆண்டுகளில் வெளிவந்த ஆய்வுகள் காட்டின. மாணவர்கள் பழைய அட்டவணைகளில் அளவுக்கு மீறிய எண்களைக் கண்டால் இதை நினைவிற் கொள்ள வேண்டும். வெப்பநிலை மாற்றத்தை வெப்பமானி கொண்டு நேரடியாக, பல சுழற்சிகளுக்கு அளந்த முடிவுகளே நம்பத்தக்கவை.

இலந்தனம்-இரும்பு-சிலிக்கான்

ஓர் இலந்தனம் அணுவுக்குப் பதின்மூன்று இரும்பு, சிலிக்கான் அணுக்கள் என்னும் அமைப்புடைய இக்குடும்பத்தின் எடையில் நான்கில் மூன்று பங்குக்கு மேல் இரும்பே. இலந்தனம் அருமண் உலோகங்களில் மலிவானவற்றுள் ஒன்று. மூலப்பொருள் விலையைப் பொறுத்தவரை இதற்கு ஈடான போட்டியாளர்கள் குறைவு. 2001இல் பெய்ஜிங்கில் சீன அறிவியல் கழகத்தின் இயற்பியல் நிறுவனத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் இதில் பெரிய காந்தவெப்ப விளைவைக் கண்டனர். ஆனால் அது நிகழ்ந்த வெப்பநிலை 208 கெல்வின், அதாவது உறைநிலைக்கு 65 பாகை கீழே.

சப்பானின் தோகோக்கு பல்கலைக்கழகத்தில் புஜிதா, புஜியேதா, புகமிச்சி முதலியோர் இப்படிகத்தின் இடைவெளிகளில் ஐதரசன் அணுக்களைப் புகுத்தினர். ஐதரசன் அணிக்கோவையை விரியச் செய்ய, கியூரி வெப்பநிலை ஏறத்தாழ 330 கெல்வின் வரை உயர்ந்தது. விளைவின் வலுவும் குன்றவில்லை. 2003இல் வெளியான இம்முடிவு இக்குடும்பத்தை அறைவெப்பநிலைக்குக் கொண்டுவந்தது.

வேண்டிய அளவு மட்டும் ஐதரசன் ஏற்றிக் கியூரி வெப்பநிலையை இடையில் நிறுத்துவதே எளிய வழியாகத் தோன்றும். நடைமுறையில் அது தோல்வியுற்றது. பகுதியளவு ஐதரசன் ஏற்றிய துண்டை அதன் நிலைமாற்ற வெப்பநிலையிலேயே நாட்கணக்கில் வைத்தால், பெர்ரோ காந்தப் பகுதி அதிகப் பருமன் உடையதாகையால் ஐதரசன் அதை நோக்கி நகர்கிறது. முடிவில் ஒரே கலப்புலோகம் இருவேறு கியூரி வெப்பநிலைகள் கொண்ட இரு பகுதிகளாகப் பிரிந்துவிடுகிறது. குளிர்விப்பானில் பொருள் எந்நேரமும் அந்த வெப்பநிலையில்தான் இருக்கப்போகிறது என்பதை எண்ணினால் இது எத்தகைய இடர் என்பது விளங்கும். ஐதரசனை முழுமையாக நிரப்பிவிட்டு, இரும்பின் இடத்தில் சிறிதளவு மாங்கனீசைச் சேர்த்துக் கியூரி வெப்பநிலையைக் கீழிறக்குவது இதற்கான தீர்வாக அமைந்தது. செருமனியின் வாக்கூம்சுமெல்ட்சே நிறுவனம் இம்முறையில் பல கியூரி வெப்பநிலைகளுக்கான தூள்களை உருவாக்கியது.

நொறுங்கும் இயல்பும், நீரில் துருப்பிடிப்பதும் இக்குடும்பத்தின் எஞ்சிய குறைகள். நிலைமாற்றத்தின்போது பருமன் ஒரு விழுக்காட்டை ஒட்டி மாறுவதால், பல இலட்சம் சுழற்சிகளில் விரிசல்கள் பெருகக்கூடும்.

மாங்கனீசு-இரும்பு-பாஸ்பரசு

2002இல் ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தின் தேகுசு, எக்கார்டு புரூக் முதலியோர் மாங்கனீசு, இரும்பு, பாஸ்பரசு, ஆர்செனிக் ஆகியவற்றாலான கலப்புலோகம் ஏறத்தாழ 300 கெல்வினில் மாபெரும் விளைவைக் காட்டுவதை வெளியிட்டனர். இதில் அருமண் தனிமம் எதுவும் இல்லை. ஆர்செனிக் நச்சுப்பொருள் என்பதால், உணவு வைக்கும் பெட்டிக்கு இது ஏற்கப்படாது என்பது தொடக்கத்திலேயே தெளிவு. அதன் இடத்தில் சிலிக்கானை வைப்பதற்கான பணி பின்னர் டெல்ஃப்ட் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் தொடர்ந்தது.

இங்கு மாங்கனீசு அணுக்களின் காந்தத் தன்மை நிலைமாற்றத்துக்குப் பின்னும் நீடிக்கிறது. இரும்பு அணுக்களின் காந்தத் திருப்புத்திறனோ நிலைமாற்றத்தின்போது பெரிதும் குன்றுகிறது. புதிதாகச் செய்த துண்டை முதன்முறை குளிர்விக்கும்போது மட்டும் நிலைமாற்றம் எதிர்பார்த்ததைவிடத் தாழ்ந்த வெப்பநிலையில் நிகழ்வதும் இக்குடும்பத்தின் தனித்தன்மை. 2014இல் இதே டெல்ஃப்ட் குழுவினர் சிறிதளவு போரான் சேர்ப்பதன் மூலம் தயக்கத்தையும் பருமன் மாற்றத்தையும் ஒருசேரக் குறைத்தனர். நிலைமாற்றத்தை முதல் வரிசைக்கும் இரண்டாம் வரிசைக்கும் இடைப்பட்ட எல்லைக்கு நகர்த்துவதே இதன் உட்பொருள். பெரிய விளைவில் சிறிது விட்டுக்கொடுத்து மீளும் தன்மையைப் பெறும் இவ்வுத்தி, இரும்பு கலந்த கடோலினியச் சேர்மத்தில் பத்தாண்டுகளுக்கு முன் கண்ட அதே உத்தி.

எதிர்மறை விளைவுடைய கலப்புலோகங்கள்

சில பொருட்கள் புலத்தில் வைக்கும்போது சூடாகாமல் குளிர்கின்றன. இரும்பும் ரோடியமும் ஏறத்தாழச் சம அளவில் கலந்த கலப்புலோகம், அறைவெப்பநிலைக்குச் சற்று மேலே எதிர் பெர்ரோ காந்த நிலையிலிருந்து பெர்ரோ காந்த நிலைக்கு மாறுகிறது. 1990இல் உருசிய ஆய்வாளர்கள் இதில் மிகப் பெரிய வெப்பநிலை மாற்றத்தை அளந்தனர். ரோடியத்தின் விலை இதனை ஆய்வகத்தோடு நிறுத்திவிட்டது.

நிக்கல்-மாங்கனீசுடன் வெள்ளீயம் அல்லது இண்டியம் சேர்ந்த ஹியூசுலர் கலப்புலோகங்களிலும் எதிர்மறை விளைவு உண்டு. 2012இல் நிக்கல்-மாங்கனீசு-இண்டியம்-கோபால்ட் கலப்புலோகம் 2 டெஸ்லாவை ஒட்டிய புலத்தில் 6 கெல்வினுக்கும் மேல் குளிர்வது காட்டப்பட்டது. கடோலினியத்தை மிஞ்சும் இவ்வெண், அகன்ற தயக்கத்தின் காரணமாக முதல் முறைக்கு மட்டுமே உரியது. 2018இல் டார்ம்ஸ்டாட் முதலிய இடங்களின் ஆய்வாளர்கள் இதற்கு மாறான வழியொன்றை வெளியிட்டனர். தயக்கத்தை ஒழிக்க முயலாமல், புலத்தால் மாறிய பொருள் புலத்தை நீக்கிய பின்னும் அப்படியே இருக்கும் இயல்பைப் பயன்படுத்திக்கொண்டு, அதனை அழுத்தத்தால் பழைய நிலைக்குத் திருப்புவதே அவ்வழி. இதில் காந்தப்புலம் சிறிது நேரத்துக்கு, சிறிய இடத்தில் இருந்தால் போதும் என்பதால் விலையுயர்ந்த நிலைக்காந்தத்தின் அளவைக் குறைக்கலாம்.

கருவிகளும் பயன்பாடும்

ஏம்சு ஆய்வகமும் விஸ்கான்சினின் அசுட்ரோநாட்டிக்சு நிறுவனமும் 1990களின் பிற்பாதியில் உருவாக்கிய கருவி, ஏறத்தாழ 3 கிலோகிராம் கடோலினியக் குண்டுகளைக் கொண்டு 5 டெஸ்லா புலத்தில் 600 வாட் குளிர்விப்பை எட்டியது. 2001இல் அதே நிறுவனம் நிலைக்காந்தத்துடன் சுழலும் வகைக் கருவியைச் செய்தது. 2014இல் வெளியிடப்பட்ட அதன் பெரிய கருவியில் ஐதரசன் ஏற்றிய இலந்தனம்-இரும்பு-சிலிக்கான் ஆறு அடுக்குகளாக நிரப்பப்பட்டிருந்தது. 11 கெல்வின் வேறுபாட்டில் அது ஏறத்தாழ 2500 வாட் குளிர்விப்பைத் தந்தது; செலவிட்ட மின்னாற்றலைப்போல் 1.9 மடங்கு வெப்பத்தை அது அகற்றியது. 2015இல் அந்நிறுவனமும் ஹையர், பி.ஏ.எசு.எஃப். ஆகிய நிறுவனங்களும் இணைந்து திராட்சை மதுவைக் குளிர்விக்கும் முன்மாதிரிப் பெட்டியைக் காட்சிக்கு வைத்தன. 2019இல் டார்ம்ஸ்டாட் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்திலிருந்து பிரிந்து உருவான மேக்னோதெர்ம் நிறுவனம், பானங்களைக் குளிர்விக்கும் பெட்டிகளில் இம்முறையைப் பயன்படுத்தி வருகிறது. வீட்டுச் சந்தையில் இன்னும் ஆட்சி செய்வது கம்ப்ரசர் எனப்படும் வளிம அமுக்கியே.

புவி வெப்பமாதலைத் தூண்டும் ஐதரோபுளோரோ கார்பன் வளிமங்களைப் படிப்படியாகக் குறைக்க 2016இல் கிகாலியில் உடன்பாடு ஏற்பட்டது. அது 2019இல் நடைமுறைக்கு வந்தது. காந்தக் குளிர்விப்பில் கசியக்கூடிய வளிமம் எதுவும் இல்லை என்பதால் இவ்வுடன்பாடு அதன் சார்பான வாதமாக அடிக்கடி எடுத்துரைக்கப்படுகிறது. ஆயினும் புதிய வீட்டுப் பெட்டிகளில் பெருமளவு இடம்பெற்றுள்ள ஐசோபியூட்டேன் வளிமத்தின் வெப்பமாக்கும் திறன் மிகக் குறைவு. எனவே அங்கு போட்டி பெரும்பாலும் மின்செலவிலும் விலையிலுமே. விலையில் பெரும்பங்கு கலப்புலோகத்தைவிடக் காந்தத்தையே சாரும். ஒரு கிலோகிராம் கலப்புலோகத்துக்குப் பல கிலோகிராம் நியோடிமியக் காந்தம் தேவைப்படுவது இயல்பு. 1 டெஸ்லாவுக்கும் குறைந்த புலத்தில் நன்கு செயல்படும் கலப்புலோகங்கள் தேடப்படுவது இதன்பொருட்டே.